ஓய்வு பெற்றாயிற்று, சைக்கிளில் கிளம்புகிறேன், திரும்பும் தேதி வைக்கவில்லை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலைத் தபால்காரர் | டிசம்பர் 4

எல்லோருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் 34 வருடம் தபால்காரராக இருந்துவிட்டு கடந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். 60 முடிந்துவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க சைக்கிள்தான். பத்மநாபபுரம், குமாரகோவில், வேளிமலை அடிவாரம் என்று ஏறி இறங்கி ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் ஓடும். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் பைக்குக்கு மாறினார்கள். நான் மாறவில்லை.

பொங்கல் கழிந்ததும் சைக்கிளில் வடக்கே போகிறேன். எந்த ஊர் வரை, எத்தனை மாதம் என்று முடிவு செய்யவில்லை, செய்யவும் விரும்பவில்லை.

எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், இல்லையென்றால் வெளிநாட்டில் இருப்பார். அவர்கள் எழுதிய கடிதமும் அனுப்பிய மணியார்டரும் என் கையால்தான் வீடு போய்ச் சேர்ந்தன. உறையின் மேல் இருக்கும் ஊர்ப் பெயர்களைப் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. 784001 என்றால் தேஜ்பூர், 482001 என்றால் ஜபல்பூர். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு நானே கடிதத்தைப் படித்துக் காட்டுவேன். இங்கே பனி விழுகிறது, ஆற்றில் வெள்ளம், ரொட்டி தின்று அலுத்துவிட்டது, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் நினைப்பாகவே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. திருச்சி, கோயம்புத்தூர் தாண்டி வடக்கே போனதே கிடையாது.

பழைய 22 இன்ச் சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது. அதிலேயே போகலாமா, புதிது வாங்கவா? வலது முட்டி மாடிப்படி ஏறும்போது லேசாக வலிக்கும். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மனைவி கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வாடகைப் பணம் வழிச்செலவுக்கு ஆகும். வேறு என்ன யோசிக்க வேண்டும்?

குளச்சல்காரன், பெங்களூர் | டிசம்பர் 4

அண்ணாச்சி, படிக்கவே சிலிர்க்கிறது. நான் மூன்று வருடம் முன்னால் நம் ஊரிலிருந்து பெங்களூருக்கு 44ஆம் எண் சாலையில் எட்டு நாளில் வந்தேன். ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் நாற்பத்தைந்து நாளில் காஷ்மீர் தொட்டுவிடலாம். தினமும் 25 கிலோமீட்டர் ஓட்டிய கால் உங்களுடையது, தாராளமாக முடியும். வழி வரைந்து அனுப்பட்டுமா?

இரணியல் வாத்தியார் | டிசம்பர் 5

தம்பி குளச்சல்காரன் ஆர்வத்தில் சொல்கிறார், தப்பில்லை. ஆனால் அண்ணாச்சி, தயவுசெய்து அந்த 90ஐ மறந்துவிடுங்கள். நான் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும், என் மனைவி தவறிய இரண்டாம் வருடம் கிளம்பினேன். அப்போது எனக்கு 61. உங்களைப் போலத்தான், திரும்பும் தேதி இல்லை. முதல் நாள் 85, அடுத்த நாள் 92 என்று ஓட்டினேன். உடம்பில் அசதியே தெரியவில்லை. நாலாம் நாள் விருதுநகரில் காலையில் எழுந்தால் இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன. ஒன்பது நாள் லாட்ஜில் படுத்திருந்தேன். மூச்சும் இதயமும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். முட்டியில் இருக்கும் தசைநாண் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். அறுபது வயதில் இன்னும் மெதுவாக. முதல் இரண்டு வாரம் 40க்கு மேல் போகாதீர்கள், தெம்பு இருந்தாலும் நிறுத்துங்கள். மூன்று நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. நீங்கள் 34 வருடம் ஓட்டியது உண்மை, ஆனால் அது வீட்டுக்கு வீடு இறங்கி ஏறி ஓட்டியது. நாலு மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்து மிதிப்பது உடம்புக்கு வேறு வேலை.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். நீங்கள் வீட்டை வாடகைக்கு விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் விட்டேன். 11 மாத ஒப்பந்தம் போட்டு, முன்பணம் வாங்கி, என் சாமான்களை ஒரு அறையில் பூட்டிவிட்டுப் போனேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். மே மாதம் நாக்பூர் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே அந்த மாதத்தில் 45 டிகிரி எல்லாம் சாதாரணம். இடையில் ஊருக்கு வந்துவிட்டு ஜூலையில் திரும்பப் போகலாம் என்று யோசித்தேன். எங்கே வருவது? வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. சரி, சமாளிக்கலாம் என்று வெயிலிலேயே ஓட்டினேன். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு வியர்வை நின்றுவிட்டது, தலை சுற்றியது, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு லாரிக்காரர் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிழைத்து வந்து ஆறு மாதம் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் இருந்தேன். தங்கச்சி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் சொந்த ஊரில் படுக்க இடம் இல்லாமல் இருந்தது இன்றும் மனதில் இருக்கிறது.

என் பயணம் ஐந்து மாதத்தில் முடிந்தது. வீட்டுச் சாவி என் கையில் இருந்திருந்தால் மே மாதம் ரயிலேறி வந்து, பனைமரத்தடியில் நுங்கு சாப்பிட்டுவிட்டு, மழை பிடித்ததும் திரும்பப் போயிருப்பேன். ஐந்து வருடம்கூட ஓடியிருக்கும். திரும்பும் தேதி வைக்காமல் போகிறவருக்கு எந்தத் தேதியிலும் திரும்ப வழி இருக்க வேண்டும். வீட்டை விடாதீர்கள்.

தக்கலைத் தபால்காரர் | டிசம்பர் 5

சாரே, இரண்டு முறை படித்தேன். வாடகை விஷயம் எனக்கு இந்தக் கோணத்தில் தோன்றவே இல்லை. அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை. வீட்டில் பேசுகிறேன்.

மார்த்தாண்டம் பட்டறை | டிசம்பர் 6

சைக்கிள் விஷயத்துக்கு நான் வருகிறேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை.

உங்கள் பழைய வண்டி கொள்ளாம், குறை சொல்ல மாட்டேன். அதன் டயர், டியூப், வால்டியூப், போக்ஸ் கம்பி எல்லாம் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். ஆனால் வண்டியே 20 கிலோ பக்கம் வரும். கியர் கிடையாது. தக்கலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளியது வேறு, சுமையோடு தொப்பூர் மாதிரி ஏற்றத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளுவது வேறு. முட்டி வலி இருக்கிறவர் நின்று மிதிக்கவே கூடாது. உங்களுக்குச் சின்ன கியர் வேண்டும்.

நான் சொல்வது இதுதான். முன்னால் ஸ்பிரிங் இல்லாத, இரும்பு ஃபிரேம் உள்ள 26 இன்ச் வண்டி ஒன்று, பழையதாக இருந்தாலும் பார்த்து வாங்குங்கள். இரும்பு என்றால் உடைந்தாலும் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத்தை அப்படி ஒட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். பெடல் பக்கம் மூன்று பல்சக்கரம், அதில் சின்னது 28 பல். பின்னால் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி, அதில் பெரியது 34 பல். இந்தச் சேர்க்கையில் சுமையோடு எந்த மேட்டையும் உட்கார்ந்தபடியே ஏறலாம். பின் ரிம் 36 துளை போட்டு, கையால் கம்பி கட்டி, நன்றாக முறுக்கேற்றி, கோட்டம் எடுத்து வாங்குங்கள். நெடும்பயணத்தில் உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பிதான். அந்த அளவில் ஆறு கம்பி, அதோடு ஃப்ரீவீல் கழற்றும் சாவி ஒன்று கையில் இருக்கட்டும். சாவி இல்லாமல் அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற முடியாது.

செயினுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். புது செயினில் 12 ஜோடிக் கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒரு ஜோடி) சரியாக 12 அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்து, பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் ஃப்ரீவீல் பல்லும் சேர்ந்து போய்விடும், செலவு மூன்று மடங்கு.

இன்னொன்று. பழைய வண்டியை அப்படியே போட்டுவிடாதீர்கள். அந்த சீட் 34 வருடம் உங்கள் உடம்புக்குப் பழகியது. நேர் பைப் போட்டால் புது வண்டியில் பொருந்தும். நான் போட்டுத் தருகிறேன், கொண்டுவாருங்கள்.

சீட் உயரம் குறைவாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், கூடுதலாக இருந்தால் பின்பக்கம் வலிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து கீழே தள்ளினால் கால் நேராக வர வேண்டும். அதுதான் உயரம். தபால்காரர்கள் எல்லோரும் நிறுத்தி இறங்க வசதியாகத் தாழ்த்தி வைத்திருப்பீர்கள். உங்கள் மாடிப்படி வலிக்கே அது காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடசேரி | டிசம்பர் 6

எல்லோரும் உற்சாகப்படுத்துகிறீர்கள். என் மச்சான் காலையில் பால் வாங்க சைக்கிளில் போனவர், நாலுவழிச் சாலையில் பின்னால் வந்த காரில் அடிபட்டு இறந்தார். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இந்தச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை. அறுபது வயதுக்காரரை அங்கே அனுப்புவது சரியா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மனம் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இரணியல் வாத்தியார் | டிசம்பர் 6

வடசேரி அண்ணே, உங்கள் இழப்புக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் சொல்வது உண்மையான பயம். போகிறவர் அந்தப் பயத்தைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

என் அனுபவம்: நாலுவழிச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்க இடம் இருக்கும், ஓரளவு நிம்மதி. ஆபத்து வருவது மேம்பாலம் ஏறும் வாயிலும், பக்கச் சாலை வந்து சேரும் இடத்திலும், எதிர்த்திசையில் வரும் பைக்கிலும்தான். குறுகலான இருவழிச் சாலையில் இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் நமக்கு மண்ணில் இறங்குவது தவிர வழியில்லை. அதனால் நான் கூடியவரை ஊருக்குள் போகும் பழைய சாலையையும் கிராமச் சாலையையும் பிடித்துப் போனேன். தூரம் கூடும், கூடட்டும். விடிந்து வெளிச்சம் வந்தபின் கிளம்பி பத்தரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவேன். இருட்டில் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. வலது பக்கம் கண்ணாடி கட்டாயம். பின்னால் லாரிச் சத்தம் கேட்டு, எதிரேயும் வண்டி தெரிந்தால் இறங்கி நின்றுவிடுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை இறங்கியிருக்கிறேன். அவசரம் இல்லாதவர் இறங்கலாம், அதுதான் நமக்கு இருக்கும் வசதி.

குளச்சல்காரன், பெங்களூர் | டிசம்பர் 7

வாத்தியார் சார் சொன்னதுக்கு அப்புறம் என் 90 கிலோமீட்டர் கணக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு லீவு எட்டு நாள்தான் இருந்தது, அதனால் அப்படி ஓட்டினேன். மதுரையைத் தாண்டியது தவிர மதுரையைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.

ஓய்வு பெற்ற செவிலி, நாகர்கோவில் | டிசம்பர் 7

அண்ணா, முதலில் இதய மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, எக்கோ, ஓடவைத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனை மூன்றும் எடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையில் சில வகை சிறுநீரை அதிகம் போக்கும். வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்து மயக்கம் வரும். சில வகை இதயத் துடிப்பை ஏறவிடாது, ஏற்றத்தில் சீக்கிரம் களைப்பு வரும். உங்களுடையது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு, சைக்கிள் பயணம் என்று சொல்லி, மாற்ற வேண்டுமென்றால் இப்போதே மாற்றிப் பழகுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் எழுதினால் வெளி மாநிலத்தில் கிடைக்காமல் போகலாம். மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, ஒன்றைப் பையிலும் ஒன்றைச் சட்டைப் பையிலும் வையுங்கள். இரத்த வகை, வீட்டு எண் இரண்டும் அதிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே ஓட்டுவதும் தப்பு. ஓஆர்எஸ் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் உப்பு போடக் கூடாது. கஞ்சித் தண்ணீரும் நல்லது, நமக்குப் பழக்கமானது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். அந்தரங்க இடத்தில் மரத்துப்போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், எழுந்து நின்று இரத்த ஓட்டம் வரவிடுங்கள். தொடை இடுக்கில் புண் வந்தால் அன்றே நிறுத்தி, காயவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். அந்தப் புண்ணோடு ஓட்டிச் சீழ் பிடித்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

நாய் விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். இடையில் ஊர் மாறினாலும் அட்டையைக் காட்டி அடுத்த ஊரில் தொடரலாம். விட்டுவிடாதீர்கள்.

கண்புரை, பல் இரண்டையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

முனையில் டீக்கடை | டிசம்பர் 8

கன்னியாகுமரியில் கடை வைத்திருக்கிறேன். காஷ்மீரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது என் கடைக்கு வருவார்கள். பாறையைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள், வீட்டுக்குப் போன் போடுவார்கள். அப்புறம் நிறையப் பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அன்று சாயங்காலமே ரயில் இருக்கும். ஓடியது ஐம்பது நாள், இங்கே இருந்தது அரை நாள்.

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. அறுபத்தைந்து வயது இருக்கும், ஒடிசாக்காரர். பதினோரு நாள் இருந்தார். காலையில் கடை திறக்கும்போது வந்து கிளாஸ் கழுவித் தருவார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் கேரளா பக்கம் போகிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார். தேதி வைக்காமல் போகிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் நினைவு வந்தது. போய் வாருங்கள்.

கருங்கல் அக்கா | டிசம்பர் 9

எல்லோரும் போகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்னால் இப்படிப் போய் எட்டு மாதம் கழித்து வந்தார். வீட்டில் இருந்தவள் நான்.

ராத்திரி ஏழு மணிக்குப் போன் என்று பேசி வைத்திருந்தோம். அந்த ஏழு மணி என்னைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. ஆறரைக்கே அடுக்களையில் கை ஓடாது. ஒரு நாள் சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டி மறுநாள் காலைதான் பேசினார். நான் ராத்திரி முழுக்க ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மாற்றிக்கொண்டோம். காலையில் கிளம்பும்போது ஒரு செய்தி, தங்கும் இடம் சேர்ந்ததும் ஒரு செய்தி, ஊர்ப் பெயர் மட்டும். மணிக்கணக்கு இல்லை. சிக்னல் கிடைக்காத இடம் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுவார். பேசத் தோன்றும்போது பேசுவோம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

இன்னொன்று காகிதங்கள். வங்கிக் கணக்கு இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கிறதா, நாமினி எழுதியிருக்கிறதா, பென்ஷன் புத்தகத்தில் உங்கள் மனைவி பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்கவே எனக்கு வாய் கூசியது, அவர் கிளம்பும் முந்தின நாள் அவரே உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பெரிய தைரியம்.

அப்புறம், உங்கள் மனைவியிடம் மகன் வீட்டில் இருக்கச் சம்மதமா என்று கேட்டீர்களா?

தக்கலைத் தபால்காரர் | டிசம்பர் 10

இதை எழுதுவது அவர் இல்லை, அவர் வீட்டில். அவர்தான் எழுதச் சொல்லிப் போனைக் கொடுத்திருக்கிறார்.

கருங்கல் அக்கா கேட்டதற்குப் பதில். என்னிடம் கேட்டார், சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மனதுக்குப் பிடிக்கவில்லை. மருமகள் நல்ல பிள்ளை, அதில் குறை ஒன்றும் இல்லை. இங்கே எனக்குக் கோழி இருக்கிறது, நாலு மூடு மட்டிவாழை இருக்கிறது, அம்மன்கோவில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் என் மைனி இருக்கிறாள். அவர் ஊர் சுற்றப் போவதற்கு நான் ஏன் ஊரை விட வேண்டும் என்று ஒரு எண்ணம். அவர் ஆசைப்பட்டுப் போகிறாரே, அதில் போய் ஒன்றைச் சொல்லுவானேன் என்று பேசாமல் இருந்தேன். இரணியல் சார் எழுதியதை அவர் வாசித்துக் காட்டியபோது சொல்லிவிட்டேன்.

வீட்டை விடுவது இல்லை என்று முடிவு. நான் இங்கேயே இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் இருக்கும் ஊருக்கு நான் ரயிலில் போவேன், நாலு நாள் இருந்துவிட்டு வருவேன். எனக்கும் அந்தத் தேஜ்பூரைப் பார்க்க ஆசைதான். இரண்டே நிபந்தனை. விழுந்தால் மறைக்கக் கூடாது. சித்திரை பிறந்தால் வெயில் இறங்கும் வரை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கருங்கல் அக்கா | டிசம்பர் 10

இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவதாக ஒன்றும் போடுங்கள்: நீங்கள் ரயிலேறிப் போகும்போது கோழிக்கு யார் தண்ணி வைப்பது என்று மைனியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

திருவட்டார் | டிசம்பர் 11

நானும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன், மத்திய அரசு வேலைதான். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க ஊருக்கு வந்தே ஆக வேண்டுமா? வாடகை இல்லையென்றால் செலவுக்கு என்ன செய்வது?

தக்கலைத் தபால்காரர் | டிசம்பர் 11

இது எனக்குத் தெரிந்த விஷயம். வர வேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் 2014ல் இருந்தே இருக்கிறது. ஆதார், பென்ஷன் ஆணை எண், பென்ஷன் வரும் கணக்கு எண், போன் எண் இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் கொடுக்கலாம். இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்யும் வசதியும் வந்துவிட்டது. அது சரிவரவில்லை என்றால் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போங்கள், தபால்காரர் கைக்கருவியில் விரல் வைத்து எடுத்துத் தருவார். படுக்கையில் இருந்த எத்தனையோ பெரியவர்களுக்கு நான் வீட்டுக்கே போய் எடுத்திருக்கிறேன். பெருவிரல் ரேகை தேய்ந்துபோயிருந்தால் மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. போஸ்ட் ரெஸ்டான்ட் என்று எழுதி, பெயரும் ஊர்த் தலைமைத் தபால் நிலையமும் போட்டு அனுப்பினால், நாம் போய் அடையாள அட்டை காட்டி வாங்கும்வரை குறிப்பிட்ட நாட்கள் வைத்திருப்பார்கள். டயர், மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் வீட்டிலிருந்து இப்படி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதனால் சுமை பாதியாகக் குறைகிறது. எந்த ஊர் என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

செலவுக்கு பென்ஷனில் பாதி வீட்டுக்கு, பாதி எனக்கு. வழி கேட்க, தங்க இடம் விசாரிக்க ஒவ்வொரு ஊரிலும் தபால்காரரைத் தேடிப் போவேன். எந்த ரோடு போட்டிருக்கிறார்கள், எந்தப் பாலம் இடிந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்.

தோவாளைப் பூக்காரன் | டிசம்பர் 13

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டே காவல்கிணறு வரை விட்டுவிடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது. ஆனால் ரோடு திரும்பி வடக்கே போனதும் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும், சுமை வண்டி ஆடும், அப்போது லாரிப் பக்கம் சாய்த்துவிடும். நீங்கள் தையில் போவதால் அந்தப் பயம் இல்லை. தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், உங்களுக்கு எதிரே. விடியற்காலையில் சாதுவாக இருக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். நாலு மணிக்கெல்லாம் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவன், தினமும் பார்க்கிறேன். அண்ணாச்சி, முதல் நாள் நம் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் விடிந்ததும் கணவாயைத் தாண்டுங்கள்.

குளச்சல்காரன், பெங்களூர் | டிசம்பர் 14

சித்திரைக்கு வீடு திரும்ப வேண்டும் என்றால் ரயில்தான். சைக்கிளைப் பார்சல் ஆபீசில் கொடுத்து, பயணச்சீட்டைக் காட்டி நாம் போகும் ரயிலிலேயே ஏற்றலாம். மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, பெடலைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, சாக்குச் சுற்றி, பெயரும் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் பெரிதாக எழுத வேண்டும். ரயில் புறப்படும் ஊரிலிருந்தே ஏறுங்கள். நடுவழியில் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் சைக்கிளை ஏற்றாமலேயே விட்டுவிட வாய்ப்பு உண்டு. எனக்கு ஒருமுறை சைக்கிள் ஐந்து நாள் கழித்து வந்தது.

இல்லையென்றால் பங்குனிக்குள் பெங்களூர் வந்துவிட்டு, என் வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போங்கள். மழை பிடித்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இடம் இருக்கிறது, செயினுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

வடசேரி | டிசம்பர் 15

அண்ணாச்சி, நான் முன்பு எழுதியது மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெளிர் பச்சையில் மின்னும் சட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டையும் இருக்கிறது. கிளம்பும் நாள் நாகர்கோவில் வழியாகத்தானே போவீர்கள், வடசேரியில் நின்று கொடுக்கிறேன். போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

தக்கலைத் தபால்காரர் | ஜனவரி 24

கிளம்பி ஏழு நாள் ஆகிறது. இப்போது கயத்தாற்றில் இருக்கிறேன். ஏழு நாளில் இவ்வளவுதானா என்று குளச்சல் தம்பி கேட்க மாட்டார் என்று நம்புகிறேன்.

முதல் நாள் தோவாளை. வடசேரியில் அண்ணன் சட்டையை அவர் கையாலேயே போட்டுவிட்டார், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பூக்காரத் தம்பி வீட்டில் ராத்திரி தங்கினேன், நாலு மணிக்குச் சந்தையைப் பார்த்தேன். இத்தனை வருடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த நேரத்தில் பார்த்ததில்லை. பிச்சியும் கேந்தியும் மலையாகக் குவிந்து கிடந்தன. விடிந்ததும் கணவாய். காற்று அவர் சொன்னபடியே இருந்தது, எட்டு மணி வரை சாது. பணகுடியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் நாங்குநேரி, அப்புறம் திருநெல்வேலியில் இரண்டு நாள். சீட்டை உயர்த்தியதில் முட்டி வலி நன்றாகவே குறைந்திருக்கிறது, பட்டறைக்காரருக்கு நன்றி. முதல் இரண்டு நாள் நிறுத்தும்போது கால் தரையில் எட்டாமல் தடுமாறினேன், இப்போது பழகிவிட்டது.

நாங்குநேரி தாண்டி ஒருமுறை பஞ்சர், முள். நானே ஒட்டினேன். மணலில் ஒருமுறை சரிந்து முழங்கையில் சிராய்ப்பு. வீட்டில் சொல்லிவிட்டேன்.

இங்கே தபால் நிலையத்தில் ஒரு தபால்காரர், 29 வருட சர்வீஸ், இன்னும் சைக்கிள்தான். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். கோவில்பட்டிக்கு நாலுவழிச் சாலை வேண்டாம், உள்ளே கரிசல்காட்டு வழியாகப் போகலாம் என்று அவர் தினமும் சுற்றும் ஊர்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலையில் அதில் முதல் நாலு ஊர் வரை கூடவே வருகிறார், அவருக்கு அங்கே தபால் கொடுக்க வேண்டும்.

கோவில்பட்டி தலைமைத் தபால் நிலையத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையும் ஏத்தங்காய் உப்பேரியும். சாத்தூர் பக்கம் நம் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.